அளந்து கொடுத்த தேநீர்

குங்கிராத், 1997 மே 11

அன்புள்ள அர்சாயிம் அண்ணிக்கு, பீபிசாரா சலாம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தம்பியும் ஏதோ இருக்கிறோம். பால்காஷில் நீங்களும் அண்ணனும் சுகமாக இருக்க வேண்டும். வாதத்தில் விழுந்த அண்ணனுக்கு வலது கை லேசாக அசைகிறது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது கரண்டி பிடிக்கிறாரா?

உங்கள் தம்பிக்கு ஆபரேஷன் முடிந்துவிட்டது. நூகுஸ் ஆஸ்பத்திரியில் நாக்கில் பாதியையும், கழுத்தில் இடது பக்கத்து நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் பஸ் ஓட்டினவர், தூக்கம் வராமலிருக்க நாக்குக்கு அடியில் நாஸ் என்கிற புகையிலைப் பொடியை அடக்கி அடக்கி அந்த இடமே வெந்து புற்றாகிவிட்டது. டாக்டர் சோய் என்று ஒரு கொரியக்கார அம்மாள்தான் பார்க்கிறார். "இவ்ளோ நாளா கண்ணாடியில வாயத் தொறந்தே பாக்கலையா?" என்று கேட்டார். இவர் சிலேட்டை வாங்கி, "பாத்தேன், மீசை சரியாத்தான் இருந்துச்சு" என்று எழுதிக் காட்டினார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு வராந்தாவுக்குப் போய் அழுதேன்.

பேச்சு குழறுகிறது. எனக்கு மட்டும் புரிகிறது. கஞ்சியும் தேநீரும் இறங்குகின்றன. இனி புற்றுக்குக் கதிர்வீச்சு வைக்க வேண்டும்.

உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். அண்ணனை அந்த நிலையில் விட்டுவிட்டு நீங்கள் வர முடியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். இருந்தாலும் சொல்கிறார்.

உங்கள் பீபிசாரா


பால்காஷ், ஜூன் 2

என் தம்பி பெண்டாட்டி பீபிசாராவுக்கு அர்சாயிம் எழுதுவது. உன் கடிதம் பதினைந்து நாள் ரயிலில் கிடந்து வந்து சேர்ந்தது. நாங்கள் இருக்கிறோம். உன் அண்ணன் கரண்டி பிடிக்கவில்லை. கரண்டியை எறியத்தான் கற்றுக்கொண்டிருக்கிறார்.

நாக்கை அறுத்தார்கள் என்று படித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் அம்மா போனபோது பெர்தேபாய் நடக்கப் பழகியிருந்தான், அவ்வளவுதான். பருத்தி எடுக்கப் போகும்போது முதுகில் கட்டிக்கொண்டு போவேன். "அக்கா, தண்ணி" என்பதுதான் அவன் ஒழுங்காகப் பேசிய முதல் வார்த்தை. அந்த நாக்கு அது.

நாஸ் டப்பாவைத் தூக்கி எறி. சட்டைப் பை, பாய்க்கு அடி, எல்லாவற்றையும் தேடு. அவன் ஒளித்து வைப்பதில் கெட்டிக்காரன். உன்னை நம்பித்தான் விட்டிருக்கிறேன். மெல்ல முடியவில்லை என்றால் குடிக்கக் கொடு. பாலேடு போட்ட தேநீர், தர்பூசணிச் சாறு, மீன் ரசம். ஏதாவது உள்ளே போய்க்கொண்டே இருக்கட்டும்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. என் கை எழுத்தே அப்படித்தான்.

அர்சாயிம்


குங்கிராத், ஜூன் 24

அக்காவுக்கு, உன் பெர்தேபாய் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு எழுதுவது. அத்தானுக்கு என் சலாம். கரண்டியை எந்தப் பக்கம் எறிகிறார் என்று குறித்து வை, குறி சரியாக இருந்தால் ஒலிம்பிக்குக்கு அனுப்பலாம்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதச் சொல்கிறாள் பீபிசாரா. நன்றாக இல்லை, அக்கா. தொண்டை கதிரில் வெந்து கிடக்கிறது. கண்ணாடியில் பார்த்தால் கோபித்துக்கொண்ட சம்பந்தி போல ஒரு பக்கம் கோணிய மூஞ்சி. ஆனால் ஒரு லாபம் இருக்கிறது. எல்லோரும் என்னிடம் வந்து தங்கள் கஷ்டத்தைச் சொல்கிறார்கள். நான் குறுக்கே பேச முடியாது அல்லவா, அதனால் நல்ல மனிதன் என்று பெயர் வந்துவிட்டது.

பீபிசாரா மெலிந்துவிட்டாள். நான் சொன்னேன் என்று சொல்லாதே. கஞ்சியைத் துணியில் வடிகட்டி, தானே ஒரு வாய் சுவைத்துப் பார்த்து, சூடு பார்த்துத் தருகிறாள். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றிக் கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

கொஞ்ச நாளாகத் தலை கனக்கிறது. குமட்டுகிறது. கதிரால் இருக்கும்.

ஆப்பிள் பூத்ததா அங்கே? எழுது. நான் இப்போது கடிதத்தில்தான் வாயாடுகிறேன்.

உன் தம்பி


குங்கிராத், ஜூலை 28

அன்புள்ள அண்ணிக்கு, பீபிசாரா. நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நடந்ததை எழுதுகிறேன், பயந்துவிடாதீர்கள். இப்போது தேறிவிட்டார்.

இந்த மாதத் தொடக்கத்தில் இவர் மாறிப்போனார். என்னைப் பார்த்து, "டிக்கெட் எடுத்தியா? எடுக்காம உள்ள உக்காரக் கூடாது" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு கொட்டகைக்குப் போய் ஆட்டைப் பிடித்து, "ஏறு, நேரமாச்சு" என்று இழுத்துக்கொண்டிருந்தார். என் பெயரைக் கேட்டால் தெரியவில்லை. சுவரோடு சண்டை போட்டார். புற்று மூளைக்கு ஏறிவிட்டது, இனி அவ்வளவுதான் என்று நினைத்து, பக்கத்து வீட்டு வண்டியில் நூகுஸுக்குத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன்.

டாக்டர் சோய் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூளையில் ஒன்றும் இல்லை, ரத்தத்தில் உப்பு குறைந்துவிட்டது என்றார். எனக்குப் புரியவில்லை. உட்கார வைத்துச் சொன்னார். வாயிலும் கழுத்திலும் இந்த நோய் வந்தவர்களில் சிலருக்கு இப்படி ஆகுமாம். குடிக்கிற தண்ணீரை உடம்பு வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. ரத்தம் நீர்த்து, உப்பு கரைந்துபோகிறது. மூளை ஊறுகிறது. அதனால்தான் உளறல்.

"அப்ப உப்பை அள்ளிப் போட்டா சரியாகுமா?" என்று கேட்டேன்.

"அது மட்டும் பத்தாது. தண்ணியக் கொறைக்கணும். ராப்பகல் சேத்து நாலு கிண்ணம். தேநீர், கஞ்சித் தண்ணி, பழச்சாறு எல்லாம் அதுக்குள்ள. அவரு அழுதாலும் குடுக்காதீங்க. ஒரேயடியா நெறையக் குடிச்சாருன்னா வலிப்பு வரும். வந்தா என்னால காப்பாத்த முடியாமப் போகலாம்" என்றார்.

நரம்பில் கெட்டியான உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, "ஏண்டி, ஆட்டுக்குத் தீனி போட்டியா?" என்றார்.

வீட்டுக்கு வந்துவிட்டோம். இந்த வெயிலில் நாலு கிண்ணம், அண்ணி. கதிரில் வாய் காய்ந்து எச்சிலே ஊறுவதில்லை. உதட்டில் ஈரப் பஞ்சு வைக்கிறேன், அதை உறிஞ்சுகிறார். அவர் எதிரில் நான் தேநீர் குடிப்பதில்லை. கொட்டகைக்குப் பின்னால் நின்று குடிக்கிறேன், திருடி போல. நேற்றுக் கை கழுவும் சொம்பைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டார். பிடுங்கினேன். என் மணிக்கட்டில் பல் பதிந்தது. பிறகு அவரே அதைப் பார்த்துவிட்டு அழுதார்.

தெருவில் பேசுகிறார்கள். "இந்த ஊருல காத்தே உப்பு. காயப் போட்ட துணியெல்லாம் வெள்ளையாப் பூத்துக் கெடக்கு. இவ புருசனுக்கு மட்டும் உப்புக் கொறஞ்சு போச்சாம்" என்று பக்கத்து வீட்டு ஜுமாகுல் குழாயடியில் சொல்லிச் சிரித்தாள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பீபிசாரா


பால்காஷ், ஆகஸ்ட் 19

பீபிசாராவுக்கு அர்சாயிம். இருக்கிறோம். உன் அண்ணனுக்குப் படுக்கைப் புண் வந்திருக்கிறது.

உன் கடிதத்தை எங்கள் ஆஸ்பத்திரி நர்ஸிடம் காட்டினேன். நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எந்த டாக்டரும் சொல்லமாட்டார் என்றாள். ஆபரேஷன் முடிந்த அன்றைக்கு மட்டும் சொல்வார்களாம். நீ சரியாகக் கேட்டாயா? அந்த அம்மாள் ரஷ்ய மொழியில் சொன்னதை நீ தப்பாகப் புரிந்துகொண்டாயா? வேறு டாக்டரிடம் காட்டு.

நம் வீட்டில் பகைவன் வந்தால்கூட முதலில் கிண்ணத்தை நீட்டுவோம். அவன் வீட்டுக்காரன்.

சீக்கிரம் பதில் எழுது.

அர்சாயிம்


குங்கிராத், செப்டம்பர்

அக்கா, நான் பெர்தே. அவள் வெளியே போயிருக்கிறாள், அதற்குள் எழுதுகிறேன். டிரைவர் ராகிம் வந்திருக்கிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

அக்கா, தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறாள். சொம்பைக் காணோம். கிணற்றைக்கூட எங்கேயோ தள்ளி வைத்துவிட்டாள், நேற்று முற்றத்தில்தான் இருந்தது. பஸ் நிறையச் சனம். எல்லோர் கையிலும் கிண்ணம். அம்மாவும் முன் சீட்டில் உட்கார்ந்து குடிக்கிறாள், எனக்குத் தரமாட்டேன் என்கிறாள். அம்மாவுக்கும் அவள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அக்கா நீ வா. பருத்திக் காட்டு வாய்க்கால் இன்னும் ஓடுகிறதா. என்னை அங்கே இறக்கி விடு. முதுகில் வெயில் அடிக்கிறது. தண்ணி அக்கா. ஒரு கிண்ணம் போதும். இரண்டு. தண்ணி.


பால்காஷ், அக்டோபர் 6

பீபிசாராவுக்கு.

ஆகஸ்டில் எழுதியதற்கு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆனால் என் தம்பியிடமிருந்து கடிதம் வந்துவிட்டது. ராகிம் தபாலில் போட்டிருக்கிறான். அதை மடித்து இதோடு வைத்திருக்கிறேன், நீயும் படி.

புத்தி தடுமாறி எழுதியிருக்கிறான் என்று எனக்கும் தெரிகிறது. செத்த அம்மாவைப் பஸ்ஸில் பார்த்திருக்கிறான். நான் படிக்காதவள், ஆனால் குருடி இல்லை. மற்றதெல்லாம் உளறலாக இருக்கட்டும். தாகம் உளறல் இல்லை. ஒரு மனுஷனைக் காய வைத்தால் புத்தி தடுமாறத்தானே செய்யும்? நீ காய வைத்துவிட்டு, காய்ந்ததையே வியாதி என்கிறாய்.

பிழைக்கமாட்டான் என்று முடிவு கட்டிவிட்டாயா? சீக்கிரம் முடியட்டும் என்று பார்க்கிறாயா? இப்படிக் கேட்க என் வாய் கூசுகிறது. ஆனாலும் கேட்கிறேன்.

அர்சாயிம்


பால்காஷ், அக்டோபர் 6

என் அண்ணன் மகன் அமெத்துக்கு அத்தை அர்சாயிம் எழுதுவது. உன் மனைவி மக்கள் சுகமா? பாலை மேட்டில் எரிவாயு நிலையத்து முறை வேலை முடிந்து இந்த மாதக் கடைசியில் வீட்டுக்கு இறங்குவாய் அல்லவா?

இறங்கியதும் நேரே உன் சித்தப்பா வீட்டுக்குப் போ. சித்தி இல்லாத நேரமாகப் பார். உன் கையால் பாலேடு போட்டுத் தேநீர் காய்ச்சி அவன் எதிரில் வை. முலாம்பழம் கிடைத்தால் நறுக்கிக் கொடு. அவன் போதும் என்று கையை எடுக்கும்வரை ஊற்று. சித்தி ஏதாவது சொன்னால், அத்தை சொன்னாள் என்று சொல். பெற்றவள் இல்லாத குறைக்கு அவனை வளர்த்தவள் நான், எனக்கு அந்த உரிமை உண்டு.

அமெத், என்னால் வர முடியவில்லை. என் கையாக நீ போ.

அத்தை


குங்கிராத், அக்டோபர் 27

அன்புள்ள அத்தைக்கு அமெத் வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நாளைக் காலையில் மறுபடி மேட்டுக்குப் போகிறேன். ஓர் ஆள் நின்றுவிட்டதால் சீக்கிரமே கூப்பிட்டுவிட்டார்கள்.

நீங்கள் சொன்னபடி இன்றைக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். சித்தி ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்க நூகுஸுக்குப் போயிருந்தார். ஜுமாகுல் அக்காதான் காவலுக்கு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார்.

சித்தப்பா எலும்பும் தோலுமாக இருக்கிறார். என்னை அடையாளம் தெரிந்தது. செப்டம்பரில் மறுபடி ஆஸ்பத்திரியில் உப்பு ஏற்றி, புத்தி தெளிந்துதான் இருக்கிறார். சித்தி அளந்து கொடுக்கச் சொல்லியிருப்பது எனக்கும் தெரியும். மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது. "அத்தை சொல்லி விட்டாங்க" என்றேன். "அக்காவா?" என்று கேட்டது எனக்கே புரிந்தது.

முதல் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் முகர்ந்துகொண்டிருந்தார். பிறகு குடித்தார். வாயோரம் வழிந்ததைக்கூட விரலால் வழித்து நக்கினார். ஒரு தேநீர்க் கெண்டி முடிந்தது. "இன்னொண்ணு போடவா சித்தப்பா?" என்றேன். சிலேட்டில், "கேக்காதடா, ஊத்து" என்று எழுதினார். மூன்று கெண்டி குடித்தார், அத்தை. பாதி முலாம்பழம் சாப்பிட்டார். பழைய மாதிரி சிரித்தார். என் மீசையைப் பிடித்து இழுத்து, தன்னுடையதைவிட மோசம் என்று காட்டினார். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து நெற்றியில் வைத்துக்கொண்டார்.

சித்தி வருவதற்குள் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தேன். மனசு நிறைந்திருக்கிறது. நீங்களும் நிம்மதியாக இருங்கள்.

அமெத்


குங்கிராத், நவம்பர் 15

அமெத்துக்குச் சித்தி எழுதுவது. உன் கடிதத்தை லாரிக்காரர் கொண்டுவந்து கொடுத்தார். மேட்டில் பனி விழத் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வேலை செய்.

அடக்கத்துக்கு வர முடியாமல் போனதற்கு நீ அழுதிருக்கிறாய். புழுதிப் புயலில் வழி மூடிக் கிடந்தது எல்லோருக்கும் தெரியும். பிறகு ஒரு கேள்வி கேட்டிருக்கிறாய். உன்னிடம் பொய் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் நடந்ததைச் சொல்கிறேன்.

அன்றைக்கு நான் திரும்பி வந்தபோது தலை வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருந்தார். இரண்டு முறை வாந்தி எடுத்தார். விடிந்து கொஞ்ச நேரத்தில் வலிப்பு வந்தது. நிற்கவில்லை. நூகுஸ் போய்ச் சேரும்போது நினைவு இல்லை. உப்பு எங்கேயோ அடியில் போய்விட்டது என்றார் டாக்டர் சோய். ஏற்றினார்கள். மறுநாள் மதியம் முடிந்துவிட்டது.

"என்ன குடிச்சாரு? எவ்ளோ குடிச்சாரு?" என்று கேட்டார். அடுப்படியில் தேயிலைச் சக்கை கிடந்ததை நான் பார்த்திருந்தேன். நீ வந்து போனதை ஜுமாகுலும் சொல்லியிருந்தாள். "நான்தான் குடுத்தேன். பாக்கப் பொறுக்கல" என்றேன். அவர் சீட்டை மூடி வைத்தார். "உங்ககிட்ட எவ்ளோ படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றார். அவ்வளவுதான். அது அப்படியே இருக்கட்டும்.

கழுத்தில் மறுபடி கட்டி வந்திருந்தது, இந்தக் குளிரைத் தாண்டியிருக்கமாட்டார் என்றும் அவர் சொன்னார். அதைப் பிடித்துக்கொள், அமெத். நானும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். சில நேரம் கை வழுக்குகிறது.

நீ அன்பாகச் செய்தாய். உன் அத்தையும் அன்பாகச் சொன்னார். அவருக்கு ஒன்றும் எழுதாதே. தூக்கத்தில் போனார் என்று தந்தி கொடுத்துவிட்டேன். அந்த வயதில், படுக்கையில் கிடக்கும் புருஷனோடு, இதைச் சுமந்துகொண்டு எப்படி இருப்பார்? இதற்கு மேல் இதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

சித்தி


பால்காஷ், டிசம்பர் 9

பீபிசாராவுக்கு அர்சாயிம் எழுதுவது. தந்தி வந்தது. அழுதேன். உன் அண்ணனுக்கு என்ன புரிந்ததோ, அசைகிற கையால் என் தலையைத் தொட்டார்.

அமெத்தின் கடிதம் தந்திக்குப் பிறகு வந்தது. அதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. மூன்று கெண்டி குடித்தானாம். சிரித்தானாம். தூக்கத்திலேயே போய்விட்டான். நான் அமெத்தை அனுப்பாமல் இருந்திருந்தால் என் தம்பி வறண்ட தொண்டையோடு போயிருப்பான். அந்த நினைப்பில்தான் இப்போது தூங்குகிறேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அண்டை வீட்டாரைக் கூப்பிட்டு அவன் பெயரால் தேநீர் கொடுத்து, இந்தக் கதையைச் சொல்கிறேன். அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அக்டோபரில் உனக்குக் கடுமையாக எழுதிவிட்டேன். டாக்டர் சொன்னதை நீ நம்பினாய். நம்பியது தப்பு, ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்திருக்கமாட்டாய். உன்னை மன்னித்துவிட்டேன், பீபிசாரா. மேலே போய் அவனைப் பார்க்கும்போது, அவளையும் மன்னித்துவிடு என்று சொல்வேன்.

ஒன்று மட்டும் சொல். அமெத் கொடுத்ததுதான் அவன் கடைசியாகக் குடித்ததா? அதற்குப் பிறகு நீ ஏதாவது கொடுத்தாயா?

அர்சாயிம்


குங்கிராத், 1998 ஜனவரி 18

அன்புள்ள அண்ணிக்கு பீபிசாரா சலாத்துடன் எழுதுவது. நான் இருக்கிறேன். அண்ணனுக்குப் படுக்கைப் புண் ஆறியதா? ஒரே பக்கம் படுக்க விடாதீர்கள். திருப்பித் திருப்பிப் போடுங்கள்.

செப்டம்பரில் இவரோடு ஆஸ்பத்திரியில் கிடந்ததால் உங்களுக்குப் பதில் எழுதவில்லை. பிறகு எழுத நேரம் இருந்தும் எழுதவில்லை. அது என் தப்பு.

நாற்பதாம் நாள் சாப்பாடு போட்டோம். பஸ் டிப்போவிலிருந்து எல்லோரும் வந்தார்கள். ராகிம் குழியில் மண் தள்ளும்போது அழுததை அன்றைக்கும் சொல்லி அழுதான். ஜுமாகுல் வரவில்லை. குழாயடிக்கு நான் போனால் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகு போகப் பழகிக்கொண்டேன். ஆட்டை விற்றுவிட்டேன். அமெத் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறான். முன்போலப் பேசுவதில்லை. மேட்டுக் குளிர் அப்படி.

நீங்கள் கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். ஆமாம், அமெத் கொடுத்ததுதான் கடைசி. அதற்குப் பிறகு அவர் எதுவும் குடிக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். படித்தேன். இங்கே பனி இறுகிவிட்டது, அங்கே இன்னும் அதிகமாக இருக்கும். வெளியே போகும்போது நெஞ்சை மூடிக்கொண்டு போங்கள்.

பீபிசாரா